50 பெயரும் ஓர் அனுமதிப்பத்திரமும்



குடித்துவிட்டு வாகனம் ஓட்டக்கூடாது என்பது புதுச் சட்டமல்ல. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு அது. அளவு பிற்பாடு வந்தது: 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். பிரித்தானியா 1967இல் வைத்ததும் இதே அளவுதான்.

2016 இறுதியில், ஆகக்குறைந்த தண்டப்பணத்தை 25,000 ரூபாவாக்க அரசு முன்வந்தபோது தனியார் பஸ்கள் வேலைநிறுத்தம் செய்தன. ஆனாலும் அது பின்னர் சட்டமாயிற்று. அந்த ஆண்டு ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி, நம் தோட்டங்களில் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 500 ரூபாவாக இருந்தது. ஆக, அன்றைய கணக்கில் ஒரு தண்டம் 50 பெயருக்குச் சமமாக இருந்திருக்கும். மகன் ஓர் இரவு குடித்து ஓட்டியதற்குத் தாய் 50 நாள் கொழுந்து பறிக்க வேண்டியிருந்திருக்கும்.

இதைத் தபாலகத்தில் கட்டிவிட்டு வரவும் முடியாது. நீதவான் முன் நிற்க வேண்டும். மூன்று மாதம் வரை சிறையும், 12 மாதம் வரை அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும் விதிக்கலாம். ஓர் உயிர் போனால் சிறையோடு அனுமதிப்பத்திரமும் இரத்தாகும்.

மலையை விட்டு ஆட்டோவுக்கு வந்த நம் பிள்ளைகளுக்கு அந்த அட்டைதான் சோறு. ஆட்டோ நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. தண்டத்தைக் கடன்பட்டாவது கட்டுவோம். ஒரு வருட உழைப்பை யாரிடம் கடன் கேட்போம்? குடித்தவர் கையிலிருந்து சாவியை வாங்கி வைப்போம்.