பல்லாவரத்துக் கல்லுக்கு யார் பேர்?

இன்னைக்கு எபிசோட் ஒரு கல்லறையில ஆரம்பிக்குது.

கொல்கத்தாவுல செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்துல ஜாப் சார்னாக்கோட சமாதி இருக்கு. 1690-ல் ஹூக்ளி ஆற்றங்கரையில கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் பிடிச்ச அதிகாரி. கொல்கத்தாவை நிறுவினவர்னு ரொம்ப காலம் இவரைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், அவரை அப்படிச் சொல்ல முடியாதுன்னு தீர்ப்பு கொடுத்துருச்சு. அவர் வர்றதுக்கு முன்னாடியே அங்க ஊர் இருந்தது. ஆனா எந்தத் தீர்ப்பும் அவர் பேரை அழிக்க முடியாத இடம் ஒண்ணு இருக்கு. எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா தெரியற பல்லாவரம் குன்று!

எப்படின்னு சொல்றேன். 1893-ல் தாமஸ் ஹாலண்ட்னு ஒரு புவியியலாளர் அந்தச் சமாதிக் கல்லைப் பத்தி எழுதினார். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கூடவே ஹைபர்ஸ்தீன்னு ஒரு கனிமம். இதே கல் மெட்ராஸ்ல, செயின்ட் தாமஸ் மவுண்ட், பல்லாவரம் பக்கம் மலையா நிக்குது. அதுக்கு அவர் வெச்ச பேர் சார்னோக்கைட். கல் நம்ம ஊர்க் கல், பேர் அதுக்கு அடியில படுத்திருக்கறவர் பேர். வேரியபிளுக்குப் பேர் வைக்கறது கஷ்டம்னு நாங்க புலம்புவோம். இது அதைவிட மோசம்.

இப்போ பள்ளிக்கூடத்துல படிச்சதை ஞாபகப்படுத்திக்கோங்க. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை. மூணு பெட்டி, நடுவுல அம்புக்குறி. இந்தக் கல் எந்தப் பெட்டி? உருகின குழம்பு இறுகி உருவான தீப்பாறைன்னுதான் ஹாலண்ட் நினைச்சார். 1960-ல் பிச்சமுத்து என்ற இந்தியப் புவியியலாளர், கர்நாடகாவுல கப்பல்துர்காங்கற இடத்தைப் பத்தி எழுதினார். அங்க சாம்பல் நிற நைஸ் பாறைக்குள்ள திட்டுத்திட்டா சார்னோக்கைட் இருக்கு. ஒரு பாறை இன்னொண்ணா மாறிட்டு இருக்கறப்பவே பாதியில நின்னுபோன மாதிரி. கடும் வெப்பத்துல பாறையோட கனிமங்கள்ல பூட்டிக் கிடந்த நீர் வெளியேறுது, ஹைபர்ஸ்தீன் பிறக்குது. அதனால சில சார்னோக்கைட் குழம்பிலிருந்து வந்தது, சில உருமாறி வந்தது. பெட்டிகள் நாம போட்டது. பாறை ஒண்ணும் அதைப் பார்த்து நடந்துக்கறது இல்லை.

எனக்குத் தூக்கம் போன இடம் இனிமேதான். இப்படிப்பட்ட பாறை உருவாக 700 டிகிரி செல்சியஸுக்கு மேல வெப்பம் வேணும். அந்த அழுத்தம் கிடைக்கறது சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்துல, அல்லது அதுக்கும் கீழ. அப்புறம் எப்படி ஜிஎஸ்டி ரோட்டு ஓரமா, வெயில்ல நிக்குது?

பதில் ஒண்ணுதான். மேல இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் போயிருச்சு. நிலம் மெதுவா மேல எழும்ப, மழையும் காற்றும் அதைத் தேய்ச்சு எடுத்திருக்கு. ஆறுகள் அதை மணலாவும் களிமண்ணாவும் கடலுக்குக் கொண்டு போயிருக்கு. கடலடியில படிஞ்சது இறுகி மணற்கல்லாகும், களிக்கல்லாகும். அதுவும் ஒருநாள் ஆழத்துக்குப் போனா மறுபடி வேகும், உருகும். 1788-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஹட்டன் அச்சில் சொன்னதும் இதுதான்: நிலம் ஓயாம தேயுது, தேஞ்சதிலிருந்தே புது நிலம் உருவாகுது. பல்லாவரம் பாறைக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். அந்தக் கணக்குல நம்ம குன்று ஒரு மலையோட உச்சி இல்லை. காணாமப்போன மலையோட அடித்தளம்.

இப்போ என் வீட்டுக் கதை. எங்க தாத்தா திரிசூலம் பக்கம் ஒரு குவாரியில கல் உடைச்சவர். சார்னோக்கைட்ங்கற வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. அவருக்கு அது கருங்கல். தட்டினா வர்ற சத்தத்தை வெச்சே எந்தப் பக்கம் பிளக்கும்னு சொல்லுவார்னு அப்பா சொல்வார். அவங்க உடைச்ச ஜல்லி இந்த ஊர்ல எத்தனையோ வீட்டுக் கான்கிரீட்டுக்குள்ள இருக்கு. அந்தக் கூலியிலதான் அப்பா படிச்சார். அப்பா படிச்சதால நான் இன்ஜினியரிங் படிச்சேன்.

செயின்ட் தாமஸ் மவுண்ட் சார்னோக்கைட்டை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவிச்சிருக்கு. சந்தோஷம். கொஞ்சமாவது மிஞ்சும். 250 கோடி வருஷத்துக் கல்லை ஒரு வெடி ஒரு மதியத்துல ஜல்லியாக்கிடும், மறுபடி அதைச் செய்ய நம்மகிட்ட நேரம் இல்லை. ஆனா அந்த வெடியில எங்க குடும்பச் சோறும் இருந்துச்சுங்கறதை மறைச்சுட்டு இதைப் பேச எனக்கு மனசு வரலை.

மெட்ராஸ்ல அந்தச் சமாதிக் கல்லை வெட்டினவங்களுக்கும் வீடு, பசங்க இருந்திருப்பாங்க. அவங்க பேர் எங்கேயும் இல்லை. அடுத்த தடவை ஏர்போர்ட் போறப்போ எதிர்ப்பக்கம் திரும்பி அந்தக் கறுத்த குன்றை ஒரு நிமிஷம் பாருங்க. உங்க வீட்டுல யாராவது குவாரியில வேலை பார்த்திருந்தா, அவங்க அந்தக் கல்லை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.