கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன்: வானத்தில் நேர்கோடு எந்த வழியால் போகிறது?

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு மிகக் குறுகிய வழி எது என்று கேட்டால், பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் மேற்குப் பக்கமாகத்தான் கையைக் காட்டுவார்கள். அரபு நாடுகள், வட ஆபிரிக்கா, அத்திலாந்திக் சமுத்திரம், பிறகு கனடா. அடிமட்டம் வைத்துக் கோடு கீறினாலும் அப்படித்தான் வரும். ஆனால் அந்தக் கோட்டின் வழியே பறந்தால் 16,000 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். மிகக் குறுகிய வழி சுமார் 14,000 கிலோமீற்றர்தான். அது புறப்படும்போதே ஏறக்குறைய வடக்கு நோக்கித் திரும்பி, இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் நகருக்கு அருகாகவும் நோர்வேயின் வட அந்தத்தின் மேலாகவும் சென்று, கிறீன்லாந்தின் பனியைத் தாண்டி, வடக்கிலிருந்து கனடாவுக்குள் இறங்கும்.

நம்ப முடியாதவர்கள் ஒரு தோடம்பழத்தையும் நூலையும் எடுத்துப் பார்க்கலாம். பழத்தில் இரண்டு புள்ளிகளை வைத்து, நூலை இழுத்துப் பிடித்தால், அது தானாகவே மிகக் குறுகிய வழியில் படிந்துவிடும். அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் பழத்தைச் சரி பாதியாக வெட்டும் ஒரு வட்டம் கிடைக்கும். பூமியில் இதைத்தான் பெருவட்டம் என்கிறார்கள். பூமத்தியரேகை ஒரு பெருவட்டம். மற்ற அகலக்கோடுகள் அப்படியல்ல.

குழப்பம் படத்தால் வருவது. நாம் பழகிய உலகப் படம் 1569 இல் மெர்கேற்றர் மாலுமிகளுக்காக வரைந்த முறையைச் சேர்ந்தது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு கப்பல் ஓட்டுவதற்கு அது வசதியானது. அதற்கு விலையாக, துருவங்களை நெருங்க நெருங்க நிலங்கள் ஊதிப் பெருக்கின்றன. ஆபிரிக்கா கிறீன்லாந்தைப் போலப் பதினான்கு மடங்கு பெரியது என்பதைப் படத்தைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள். அதே காரணத்தால், உண்மையான குறுக்குவழி படத்தில் வில்லாக வளைந்து தெரிகிறது.

இனி எங்கள் ஆட்கள் அதிகம் பறக்கும் இன்னொரு வழியைப் பார்ப்போம். கட்டுநாயக்காவுக்கும் இலண்டன் ஹீத்ரோவுக்கும் இடையிலான பெருவட்டத் தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். அந்தக் கோடு இந்தியாவின் மேற்குக் கரையோரமாக ஏறி, மும்பைக்கு அப்பால் அரபிக்கடலைக் கடந்து, ஈரானுக்குள் நுழைந்து தெஹ்ரானுக்கு அருகால் போகிறது. பிறகு கொக்கேசியா, கருங்கடல். உக்ரைனில் ஒடெசா துறைமுக நகருக்குப் பக்கத்தால் கரையேறி, சிலோவாக்கியா, ஜேர்மனி வழியாக இலண்டனை அடைகிறது.

இந்தப் பெயர்களை வரிசையாக வாசிக்கும்போதே விடயம் விளங்கும். கணக்கு காட்டும் வழியில் இன்று விமானம் போக முடியாது. 2022 பெப்ரவரி 24 இல் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியது முதல் உக்ரைனின் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. காற்றுக்காகவும் விமானங்கள் வளைந்து போவதுண்டு. மேற்கிலிருந்து வீசும் வேகமான மேல்வானக் காற்றைத் தவிர்ப்பதோ பயன்படுத்துவதோ எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆனால் போருக்காக வளைவது வேறு வகை.

வானத்துக்கும் எல்லை உண்டு என்பதை 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை முதலாவது உறுப்புரையிலேயே சொல்கிறது: தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்பரப்பில் ஒவ்வொரு அரசுக்கும் முழுமையான, தனியான இறைமை உண்டு. ஆகவே திறப்பதும் மூடுவதும் அந்தந்த அரசின் கையில். மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2014 ஜூலை 17 சாட்சி. கிழக்கு உக்ரைனில் சண்டை நடந்துகொண்டிருந்தது. 32,000 அடிக்குக் கீழே பறப்பது தடை. அதற்கு மேலே வழி திறந்திருந்தது. அம்ஸ்ரர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் எம்எச் 17, 33,000 அடியில் பறந்தது. கீழேயிருந்து ஏவப்பட்ட பூக் ஏவுகணை அதை வீழ்த்தியது. 298 பேரும் இறந்தார்கள். அன்றைய தினம் அந்தப் பகுதிக்கு மேலாக ஏற்கெனவே 160 பயணிகள் விமானங்கள் போயிருந்தன. மூடுவதற்குப் போதிய காரணம் இருந்தது என்று நெதர்லாந்தின் பாதுகாப்புச் சபை 2015 இல் தன் அறிக்கையில் கூறியது. போர் நடக்கும் நிலத்தின் மேல் ஆயிரம் அடி இடைவெளியைப் பாதுகாப்பு என்று எண்ணியது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஏவுகணைகளின் வீச்செல்லையை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சுற்றிப் போவதன் விலையை அதிகம் அறிந்தது பின்லாந்தின் பின்எயர் நிறுவனம். ஹெல்சிங்கியிலிருந்து ரோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கிலோமீற்றர். பெரும்பகுதி ரஷ்யாவின் மேல். பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்பரப்பு பெரும்பாலும் மூடியிருந்ததால் ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவின் அங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பி ஜப்பானுக்குப் போயின. 1983 இல் பின்எயர் வடதுருவத்தைச் சுற்றி இடைநில்லாமல் பறக்கத் தொடங்கியது. சோவியத் உடைந்த பிறகு சைபீரிய வழி திறந்தது, பயணம் ஒன்பதரை மணித்தியாலம் அளவுக்குக் குறைந்தது. 2022 இல் ரஷ்யா மறுபடியும் மூடியது. மார்ச் மாதம் விமானங்கள் துருவத்தின் மேலாகத் திரும்பின. பயணம் சுமார் 13 மணித்தியாலம். துருவத்தைக் கடந்ததற்கு நினைவுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவசரத்தில் இறங்க நிலையங்கள் அரிதான அந்த வழியில் குளிர்தாங்கும் உடைகளையும் ஏற்றிச் செல்லவேண்டியிருந்தது. சீன நிறுவனங்கள் தொடர்ந்து ரஷ்யாவின் மேலாகவே ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன.

கனடாவுக்கு இங்கிருந்து நேரடிச் சேவை இல்லாததால் எங்கள் பயணிகளில் பலர் டுபாய், அபுதாபி, டோஹா ஊடாகவே போகிறார்கள். அந்த வழியும் தப்பவில்லை. 2025 ஜூன் 13 இல் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதும் ஈரான், ஈராக் வான்பரப்புகள் மூடப்பட்டன. பத்து நாள் கழித்து, கட்டாரிலிருந்த அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை ஏவிய மாலையில் கட்டாரும் தன் வானத்தைச் சில மணித்தியாலங்கள் மூடியது. டோஹாவை நோக்கி வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு நாடுகளில் இறக்கப்பட்டன.