புகை எழுதிய எழுத்து

புற்றுநோய்க்கு மனிதன் நெடுங்காலம் கூறிவந்த காரணம் ஒன்றே: விதி. இன்று அந்தச் சொல் பழசாகிவிட்டது. 'பரம்பரையலகின் விகாரம்' என்ற புதுச்சொல் வந்திருக்கிறது. ஆனால், சொல் மாறினும் பொருள் மாறவில்லை என்றே பலர் எண்ணுகின்றனர். உடலுக்குள்ளே ஏதோ பிழை நேர்ந்துவிட்டது, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று கேட்கின்றனர். அந்தப் பிழைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது ஆய்வுகூடத்தில் தொடங்கவில்லை. இலண்டன் மாநகரின் புகைபோக்கிகளில் தொடங்கியது.

1775 ஆம் ஆண்டில் பேர்சிவல் பொட் என்னும் இலண்டன் சத்திர வைத்தியர், புகைபோக்கி துடைப்போரின் விதைப்பையில் தோன்றும் புற்றுநோய்க்கு அங்கு படியும் கரியே காரணம் என எழுதினார். அத்தொழிலுக்கு விடப்பட்டோர் யார்? ஏழைகளின் பிள்ளைகள், அநாதைகள். ஒடுங்கிய புகைபோக்கிக்குள் வளர்ந்தவரின் உடல் நுழையாது. ஆதலாற் சிறுவரின் உடல் தேவைப்பட்டது. பாலப்பருவத்திற் படிந்த கரி, வளர்ந்த பின்னர் நோயாக வெளிப்பட்டது.

காரணம் தெரிந்துவிட்டது, பரிகாரமும் கடினமானதன்று. ஐரோப்பாக் கண்டத்தில் இத்தொழில் செய்தோர் உடலை மூடும் உடை அணிந்து, நாள்தோறும் குளித்தமையால் அங்கு இந்நோய் அரிதாயிருந்ததென 1892 இல் ஹென்றி பட்லின் எடுத்துக் காட்டினார். இங்கிலாந்திலோ, எட்டு வயதுக்குட்பட்டோரை இவ்வேலைக்குச் சேர்க்கக்கூடாதென்ற 1788 ஆம் ஆண்டுச் சட்டமும், இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் ஏறக்கூடாதென்ற 1840 ஆம் ஆண்டுச் சட்டமும் ஏட்டளவில் நின்றன. 1875 ஆம் ஆண்டுச் சட்டமே இக்கொடுமைக்கு முடிவு கட்டியது. பொட் எழுதி அப்போது நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

கரியில் உள்ள நஞ்சு எது? 1915 இல் யமகிவா, இச்சிகாவா என்னும் ஜப்பானிய விஞ்ஞானிகள் முயலின் காதில் மாதக்கணக்காக நிலக்கரித் தாரைப் பூசிப் புற்றுநோயை உண்டாக்கினர். 1933 இல் இலண்டன் ஆய்வாளர் தாரிலிருந்து பென்சோபைரீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். சிகரெட் புகையிலும் அதே பொருள் உண்டு.

அது கலத்தினுள் என்ன செய்கிறது? டி.என்.ஏ. நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்ட நூல் போன்றது. மூன்றெழுத்துச் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டு, மடிந்து, உருவம் பெற்றுப் புரதமாகின்றன. உருவம் கெட்டால் தொழில் கெடும்.

1979 இல் அறியப்பட்ட பி53 என்னும் புரதம் 393 அமினோ அமிலங்களால் ஆனது. புற்றுநோயை வளர்ப்பது இதுவே என முதலில் எண்ணினர். 1989 அளவில் உண்மை தெளிந்தது. அது காவற்காரன். டி.என்.ஏ. சிதைந்தால் அதைப் பற்றிப் பிடித்து, கலம் பிரிவதை நிறுத்தும் பரம்பரையலகுகளைத் தூண்டும். திருத்த முடியாதெனில் அக்கலத்தை மாளச் செய்யும். அதன் 248 ஆம் இடத்து ஆர்ஜினின் டி.என்.ஏ.யைப் பற்றும் விரல் போன்றது. அங்கு குவானின் என்ற ஓரெழுத்துத் தைமினாக மாறினால், ஆர்ஜினின் போய் லூசின் வரும், பிடி நழுவும். நான்கு நான்காக இணைந்தே இப்புரதம் தொழில் செய்வதால், பழுதானவை நல்லவற்றையும் செயலிழக்கச் செய்கின்றன. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய அரைவாசியில் இந்தக் காவல் குலைந்திருக்கிறது.

1996 இல் டெனிசென்கோவும் பைஃபரும் அவர்தம் துணைவரும் பென்சோபைரீனின் விளைபொருளை மனிதக் கலங்களில் இட்டு ஆராய்ந்தனர். பி53 பரம்பரையலகில் அது மிகுதியாக ஒட்டிய இடங்கள் 157, 248, 273. நுரையீரற் புற்றுநோயாளரிடம் விகாரம் மலிந்து காணப்பட்ட இடங்களும் அவையே! நச்சுப்பொருள் தன் கையொப்பத்தை இட்டுச் சென்றிருந்தது.

இங்கும் பழைய கதையே. புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை டொல்லும் ஹில்லும் 1950 இல் வெளியிட்டனர். 1954 சனவரியில் அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள் நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரமிட்டு, அது நிரூபிக்கப்படவில்லை என்றன. அவை பல்லாண்டுகளாக மக்களை ஏமாற்றின என அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006 இல். இடைப்பட்ட காலத்தில் மாண்டவர் எத்தனை பேர்!

எல்லா விகாரங்களுக்கும் புகையே காரணம் என நாம் கூறவில்லை. கலம் பிரியும்போது தாமாக நேரும் பிழைகள் உண்டு. பெற்றோர் வழி வருவனவும் உண்டு. ஆனால், தடுக்கக்கூடியதையும் அவற்றோடு சேர்த்து விதியென்பது அறியாமையன்று. அது இலாபம் பெறுவோருக்குச் செய்யும் உதவி.

பொட் பரம்பரையலகை அறியார். புரதத்தின் உருவையும் அறியார். ஆயினும் அச்சிறுவரைக் காப்பதற்கு அவர் அறிந்ததே போதுமாயிருந்தது. குறைந்தது அறிவன்று. வகுப்பறையில் விகாரத்தைக் கற்பிக்கும் நாம், மாறிய எழுத்தைக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. அது யாருடைய உடலில், யாருடைய இலாபத்துக்காக எழுதப்பட்டது என்பதையும் மாணவர் கேட்கப் பழக்க வேண்டும்.