வார்டில் அழாத குழந்தை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுக்குள் பெற்றோர் எளிதில் நுழைய முடியாது. பல இடங்களில் வாரத்துக்கு ஒருமுறைதான் அனுமதி. தொற்றுப் பயம் ஒரு காரணம். அதைவிட அழுத்தமாகச் சொல்லப்பட்டது வேறு: அழுத குழந்தை சில நாளில் அடங்கிவிடுகிறது, தாய் வந்துபோனால் மறுபடி அழுகிறது. செவிலியர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். கண்ணெதிரே கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த அமைதியைத் தேறுதல் என்று எடுத்துக்கொண்டார்கள். அது அடக்கப்பட்ட துக்கம் என்று காணக் கற்றுக்கொடுத்தது உளப்பகுப்பாய்வு.

உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்டு பெரும்பாலும் பெரியவர்களின் நினைவுகளிலிருந்து பின்னோக்கிப் போய்க் குழந்தைப் பருவத்தை ஊகித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் மகள் அன்னா லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் நடத்திய காப்பகங்களில் முறை தலைகீழானது. குழந்தைகளிடம் கண்டதை ஊழியர் எல்லோரும் சீட்டுகளில் எழுதிவைக்க வேண்டும். கொதிகலனைக் கவனித்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் எழுதினார். 1948இல் உளப்பகுப்பாய்வாளர் ஜான் பௌல்பியிடம் வேலைக்குச் சேர்ந்த அவர், வார்டுகளில் மூன்று கட்டங்களைக் கண்டார்: எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, விலகல். மூன்றாவதில் குழந்தை செவிலியரிடம் சிரிக்கும், நன்றாகச் சாப்பிடும். தாய் வந்தால் முகம் திருப்பிக்கொள்ளும். நனவிலி என்ற கருத்து இல்லாமல் இந்தச் சிரிப்பை விளக்குவது கடினம்.

எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த லாரா என்ற இரண்டு வயதுக் குழந்தையை ராபர்ட்சன் படமெடுத்து 1952இல் திரையிட்டபோது மருத்துவர்கள் கொதித்தார்கள். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த குழந்தை என்றார்கள். இதை எதிர்பார்த்தே குழந்தையைக் தற்செயல் தேர்வில் எடுத்து, நாள்தோறும் குறித்த நேரங்களில் படம்பிடித்திருந்தார். உளப்பகுப்பாய்வாளர்களுக்குள்ளேயே மெலனி கிளைன் வழியினர் லாராவின் தவிப்புக்குப் பிரிவைவிடத் தாயின் கர்ப்பத்தையே காரணமாக்கினார்கள். கர்ப்பமில்லாத தாய்மாரின் குழந்தைகளும் அப்படியே தவித்ததற்கு இதில் விடை இல்லை.

தாயைப் பிரிவதே குழந்தைக்குக் கேடு என்ற பௌல்பியின் கோட்பாட்டுக்கு உளமருத்துவர் மைக்கேல் ரட்டர் 1972இல் எழுப்பிய மறுப்புதான் கனமானது. பௌல்பி 1944இல் வெளியிட்ட ஆய்வின் 44 திருட்டுச் சிறார்களில், பாசமற்றவர்கள் என அவர் வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர் சிறுவயதில் தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். குணத்தை மதிப்பிட்டவரும் பௌல்பி, பிரிவைக் கணக்கிட்டவரும் பௌல்பி! பிரிவு வேறு, குடும்பச் சண்டை வேறு, பாசமே அமையாதது வேறு என்று ரட்டர் பிரித்துக்காட்டினார். ராபர்ட்சன் தம்பதியர் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்த குழந்தைகளும் பிரிவை ஓரளவு தாங்கினார்கள். ஆகவே கோட்பாடு சுருங்கியது. ஆனால் வார்டைப் பொறுத்தவரை விழவில்லை. அங்கே தாயும் இல்லை, தாய்க்கு ஈடாக ஒருவரும் இல்லை, ஷிஃப்டுக்கு ஒரு முகம்தான். ரட்டரின் மறுப்புக்கு முன்பே, 1959இல், பிளாட் குழு என்ற அரசுக் குழு பெற்றோருக்குக் கட்டுப்பாடற்ற அனுமதியைப் பரிந்துரைத்தது. பல மருத்துவமனைகள் அதன் பிறகும் இழுத்தடித்ததால், 1961இல் தாய்மார்கள் சங்கம் அமைத்துப் போராட வேண்டியிருந்தது.