சுமைதாங்கியும் சீமெந்து வாங்கும்

சூரிய ஒளி விளக்கு, மீள்சுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த வாங்கு என்று சூழலுக்கு இசைவான தெருத்தளபாடங்கள் பற்றி இப்ப நிறையக் கதைக்கிறோம். அதற்கு முதல் யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் என்ன இருந்தது எண்டு ஒருக்காப் பார்ப்போம்.

சுமைதாங்கியை எடுங்கோ. நட்டு வைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல். அவ்வளவுதான். அதின்ர கெட்டித்தனம் முழுக்க உயரத்தில் இருக்கு: தலையில் கடகத்தோடு வாறவர் குனியாமல், ஒருத்தரையும் கைபிடிக்கக் கூப்பிடாமல், சுமையை இறக்கி இளைப்பாறித் திரும்ப ஏற்றலாம். கர்ப்பிணியாக இறந்த பெண்களின் நினைவாகப் பல சுமைதாங்கிகள் கட்டப்பட்டன. இறக்காமலே போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கரின் சுமைக்கு ஒரு கல். பக்கத்திலேயே கேணியும் ஆவுரஞ்சிக்கல்லும் இருக்கும். மாட்டுக்கு உடம்பு கடித்தால் உரஞ்சவும் ஒரு தெருத்தளபாடம்! பருத்தித்துறைத் தெருமூடிமடத்தில் இரண்டு பக்கமும் திண்ணை, மேலே கூரை, நடுவால் தெரு.

இவற்றுக்கான சுண்ணக்கல் குடாநாட்டிலேயே கிடைத்தது. கடல் கடந்து வரவில்லை. கல் பெயர்ந்தால் ஊர் மேசனே சுண்ணாம்புச் சாந்து பூசித் திருத்தலாம். இண்டைக்கு வைக்கிற சீமெந்து வாங்கில் ஒரு மூலை உடைந்து கம்பி கறள் பிடித்தால் திருத்த ஆளில்லை, மழைக்குள்ளும் வெயிலுக்குள்ளும் அப்படியே கிடக்கும். அன்பளிப்புச் செய்தவரின் பெயர் மட்டும் அழியாது.

அப்ப திரும்பக் கல்லுக்குப் போவோமா? அது லேசில்லை. எங்கட கிணறுகளுக்கு வாற மழைத்தண்ணி தேங்கி நிற்கிறதே அந்தச் சுண்ணக்கல்லுக்குள்தான். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் கல் வெட்டிய பள்ளங்கள் இண்டைக்கும் வாய் பிளந்து கிடக்குது. சுண்ணாம்பு சுடவும் விறகு எரிக்க வேணும். பழசு எல்லாம் பொற்காலமும் இல்லை: ஊர்க் கிணற்றில் தண்ணி அள்ளச் சாதி பார்த்த தெருக்கள்தான் அவை.

ஆனாலும் மூன்று கல்லில் முடிந்த வேலைக்கு நாங்கள் இப்ப எவ்வளவு சீமெந்தும் கம்பியும் கொட்டுகிறோம் எண்டு கேட்கலாம்தானே. வீதி அகலிக்கிறபோது முதலில் விழுகிறது சுமைதாங்கிதான். அதைக் கிளப்பி நாலடி தள்ளி நட்டால், புதுக்கல் வெட்டவும் தேவையில்லை, ஒரு மூடை சீமெந்தும் தேவையில்லை. சந்தைக்குப் போய்ப் பையோடு பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாவுக்கு அது இப்பவும் உதவும்.