பழைய லேப்டாப்பில் ராம் கூட்டியும் வேகம் வரலையா? காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழை போன்ற கடற்கரை ஊர்களில், அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய அரசு இலவச லேப்டாப் பல வீடுகளின் பீரோவில் இன்னும் இருக்கும். 2011-ல் தொடங்கிய திட்டம் அது. இப்போது தங்கச்சியின் ஆன்லைன் கிளாஸுக்கோ, டிஎன்பிஎஸ்சி தயாரிப்புக்கோ அதைத் தூசி தட்டி எடுத்தால், ஆமை வேகம்!

"ராம் கூட்டினா சரியாயிடும்" என்று யாராவது சொல்ல, பஸ் ஏறி திசையன்விளைக்கோ சாத்தான்குளத்துக்கோ போய் காசு கொடுத்து மாட்டிக்கிட்டு வர்றோம். ஆனால் வேகம் அப்படியேதான் இருக்கும். புது ராம் உள்ளே இருக்கு, கம்ப்யூட்டர் அதைப் பயன்படுத்தல. ஏன்?

ராம் என்றால் என்ன?

320 ஜிபி, 500 ஜிபி என்று சொல்வது படம், ஃபைல் சேமிக்கும் ஹார்டு டிஸ்க். ராம் வேறு. இப்போது ஓடுகிற வேலைக்கான தற்காலிக இடம் அது. கரண்ட் போனால் அதில் இருப்பதும் போயிடும்.

4 ஜிபி எல்லை ஏன் வந்தது?

ஒரு தெருவை நினைச்சுக்கோங்க. வீட்டுக்குக் கதவு எண் இருந்தால்தான் தபால் வரும். ராமில் ஒவ்வொரு பைட்டுக்கும் அப்படி ஒரு எண் வேணும். 32-பிட் முறையில் போடக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. இதுதான் 4 ஜிபி.

அந்த எண்களிலும் ஒரு பங்கு கிராஃபிக்ஸ் போன்ற மற்ற பாகங்களுக்குப் போயிடும். அதனால்தான் 32-பிட் விண்டோஸில் 4 ஜிபி மாட்டினாலும், பல நேரம் 3 ஜிபி, 3.25 ஜிபி என்றே காட்டுகிறது. கடைக்காரர் ஏமாத்திட்டார்னு உடனே சண்டைக்குப் போகாதீங்க!

எந்த சிஸ்டத்துக்கு எவ்வளவு?

* டாஸ்: 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் மொத்த எல்லை 1 எம்பி. அதில் புரோகிராம்களுக்கு 640 கேபி மட்டுமே.
* விண்டோஸ் 95, 98: 512 எம்பியைத் தாண்டினால் 'மெமரி இல்லை' என்றே பிழை காட்டும் சிக்கல் இருந்தது.
* விண்டோஸ் எக்ஸ்பி 32-பிட்: 4 ஜிபி.
* விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்: 2 ஜிபி.
* விண்டோஸ் 7-ன் மற்ற 32-பிட் பதிப்புகள்: 4 ஜிபி.
* விண்டோஸ் 7 64-பிட்: ஹோம் பேசிக் 8 ஜிபி, ஹோம் பிரீமியம் 16 ஜிபி, புரொஃபஷனல் 192 ஜிபி.

ஸ்டார்ட்டர் வரிசையைக் கவனிங்க. 32-பிட்டில் 4 ஜிபி வரை வழி இருந்தும், விலை குறைந்த பதிப்பு என்பதால் மைக்ரோசாஃப்ட் 2 ஜிபியிலேயே பூட்டு போட்டது. உங்க லேப்டாப்பில் ஸ்டார்ட்டர் இருந்து, ஏற்கனவே 2 ஜிபி ராமும் இருந்தால், அதுக்கு மேல் மாட்டுவது வீண் செலவு.

கடைக்குப் போகும் முன் என்ன பார்க்கணும்?

'கம்ப்யூட்டர்' ஐகானை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்க. விண்டோஸ் எந்தப் பதிப்பு, ராம் எவ்வளவு, 32-பிட்டா 64-பிட்டா என்ற மூன்றும் அங்கேயே இருக்கும். அதை போனில் போட்டோ எடுத்துக்கோங்க. மதர்போர்டு எவ்வளவு ராம் ஏற்கும் என்பதை லேப்டாப் மாடல் எண் சொல்லி கடையில் கேளுங்க. அதுவும் தனி எல்லை.

வேறு வழி இருக்கா?

இருக்கு. புராசஸர் 64-பிட் என்றால் 64-பிட் சிஸ்டத்துக்கு மாறலாம். ஆனால் 32-பிட்டின் மேல் அப்படியே அப்டேட் செய்ய முடியாது, புதிதாகத்தான் போடணும். முதலில் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைங்க.

இன்னொரு வழி லினக்ஸ். இது இலவசம், பதிப்பைப் பார்த்து ராமுக்குப் பூட்டு போடுவதும் கிடையாது. இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்துத் தரப்பட்ட 'பாஸ்' கூட சிடாக் உருவாக்கிய லினக்ஸ்தான். ராம் கூட்ட முடியாத லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டினாலும் வேகம் நன்றாகக் கூடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லேயே பொதுவாக நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசரும் 2023-ல் அதைக் கைவிட்டது. எத்தனை ஜிபி போட்டாலும் இந்தக் குறை தீராது. அந்த சிஸ்டத்தில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம். பாடம் படிக்க, டைப் அடித்துப் பழக தங்கச்சி தாராளமாகப் பயன்படுத்தலாம்.