வெண்ணிற இரவுகளும் நம் வெள்ளித்திரையும்



கல்லூரி மலருக்குக் காதலைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுதுவது? அதிலும் ஒருதலைக் காதல்! நம்மில் பலருக்கு டிகிரி கிடைத்ததோ இல்லையோ, அந்த அனுபவம் கட்டாயம் கிடைத்திருக்கும். உலகப் புகழ் பெற்ற ஒருதலைக் காதல் கதை ஒன்று எந்தெந்த நாட்டுத் திரைக்கெல்லாம் போய், கடைசியில் நம் தமிழ்த் திரைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான்கு இரவுக் கதை

ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1848-ல், தமது 27-வது வயதில் எழுதிய குறுநாவல் ‘வெண்ணிற இரவுகள்’. பீட்டர்ஸ்பர்க் நகரம் வடதுருவத்துக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பதால், ஜூன் மாதத்தில் அங்கே ராத்திரி முழுதாக இருட்டுவதில்லை. அந்த வெளுத்த இரவுகளில்தான் கதை நடக்கிறது.

எட்டு வருஷமாக அந்த ஊரில் இருந்தும் ஒரு மனிதரோடும் பழக்கமில்லாத 26 வயது இளைஞன். அவனுக்குக் கதையில் பெயர்கூட இல்லை. ஒரு ராத்திரி கால்வாய்க் கரையில் அழுதுகொண்டு நிற்கும் நாஸ்தென்கா என்ற 17 வயதுப் பெண்ணைச் சந்திக்கிறான். கண் தெரியாத பாட்டி, பேத்தி எங்கும் போய்விடக் கூடாதென்று அவள் பாவாடையைத் தன் துணியோடு ஊக்குப் போட்டுக் குத்தி வைத்திருக்கிறாள்! அந்த வீட்டு மாடியில் குடியிருந்தவனிடம் நாஸ்தென்கா மனதைக் கொடுத்துவிட்டாள். ஒரு வருஷத்தில் வருகிறேன் என்று மாஸ்கோ போனவன் ஊர் திரும்பியும் அவளைப் பார்க்க வரவில்லை. நம்ம பையன் அவள் கடிதத்தைச் சேர்க்க உதவுகிறான், ஆறுதல் சொல்கிறான், மனதுக்குள் உருகுகிறான். நான்காவது இரவில் அவளும் இவனை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிற அதே நேரம் மாடிவீட்டுக்காரன் எதிரே வந்து நிற்கிறான். அவள் ஓடிப்போய் அவனோடு சேர்ந்துகொள்கிறாள்.

அவ்வளவுதான் கதை. கடைசியில் அந்த இளைஞன் அவளைத் திட்டவில்லை, சபிக்கவில்லை. கிடைத்த கொஞ்ச நேரச் சந்தோஷத்துக்கு நன்றி சொல்லி, அவள் நன்றாயிருக்க வேண்டுமென்று வாழ்த்துகிறான். இந்தக் கதையின் உயிர் அந்த வாழ்த்தில்தான் இருக்கிறது.

ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் இது தமிழுக்கு வந்தது. மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் மூலம் மலிவு விலையில் நம் கைக்குக் கிடைத்த சோவியத் புத்தகங்களை மூத்த மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1991-ல் சோவியத் யூனியன் சிதறியதோடு அந்த வரத்தும் நின்றுபோனது.

ஊர் ஊராகப் போன கதை

முதலில் பெரிய பெயர் வாங்கியது இத்தாலி. 1957-ல் விஸ்கோன்தி எடுத்த படத்தில் மார்செல்லோ மாஸ்ட்ரோயானி நாயகன். ஊர், கால்வாய், பாலம் எல்லாமே ரோம் நகர ஸ்டூடியோவில் போட்ட செட். வெண்ணிற இரவு அங்கே கிடையாது. அதற்குப் பதிலாகக் கடைசிக் காட்சியில் வெண்பனி கொட்டுகிறது. அந்த ஆண்டு வெனிஸ் விழாவில் இந்தப் படம் வெள்ளிச் சிங்கம் வாங்கியது. தங்கச் சிங்கம் யாருக்கு என்கிறீர்கள்? நம் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்கு!

1959-ல் ருஷ்யாவிலேயே பிரியேவ் வண்ணத்தில் எடுத்தார். 1971-ல் பிரான்சில் பிரெஸ்ஸோன் கதையைப் பாரிஸ் நகரப் பாலத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய நாயகன் ஓவியன். தன் கனவுகளை டேப்ரெக்கார்டரில் பேசிப் பதிந்து, திரும்பப் போட்டுக் கேட்கிறவன். 

இந்திக்கும் வந்தது. 1960-ல் மன்மோகன் தேசாயின் முதல் படமான ‘சலியா’ இந்தக் கதையின் சாயலில் அமைந்தது. ராஜ்கபூரும் நூதனும் நடித்தார்கள். மாடிவீட்டுக்காரனுக்குப் பதில் அங்கே தேசப் பிரிவினையில் பிரிந்த கணவன். ராஜ்கபூர் விட்டுக்கொடுத்து விலகுகிறார். 2006-ல் வந்த ‘ஆஹிஸ்தா ஆஹிஸ்தா’வில் நாயகன் டெல்லி திருமணப் பதிவு அலுவலகத்தில் காசு வாங்கிக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவன். நல்ல கற்பனை! ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் சாட்சி, தன் காதலுக்கு மட்டும் கதி இல்லை. 2007-ல் சஞ்சய் லீலா பன்சாலி ‘சாவரியா’வில் ரன்பீர் கபூரையும் சோனம் கபூரையும் அறிமுகப்படுத்தினார். நீல நிறத்தில் பிரம்மாண்டமான செட். ஆனால் ஜனங்கள் ஆதரவு அந்த அளவுக்கு இல்லை.

தமிழுக்கு வந்த விதம்

இந்த இரண்டு இந்திப் படங்களுக்கும் முன்பே, 2003-ல் தமிழில் வந்துவிட்டது ‘இயற்கை’. எஸ்.பி.ஜனநாதன் இயக்கிய முதல் படம். ஷாம், குட்டி ராதிகா, அப்போது அருண்குமார் என்ற பெயரில் நடித்த அருண்விஜய். வித்யாசாகர் இசை. பாடல்கள் யாரென்றால், நம் பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டியில் வளர்ந்த கவிஞர் வைரமுத்து.

இதில் ஜனநாதன் செய்த காரியம் ஒன்றை நான் மிகவும் மெச்சுகிறேன். தஸ்தயேவ்ஸ்கியின் நாயகன் யாருமற்றவன். அப்படிப்பட்ட ஆளைத் தமிழ்நாட்டில் எங்கே போய்த் தேடுவது? எங்கள் கெங்குவார்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலையடிவாரத்து ஊர். பஸ்ஸை விட்டு ஒருத்தன் புதுசாக இறங்கினால் போதும், “தம்பி யாரு? எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?” என்று டீக்கடைக்குள் கால் வைக்கும் முன்பே நாலு பேர் விசாரித்துவிடுவார்கள். இங்கே ஒருவன் எட்டு வருஷம் யாரோடும் பேசாமல் இருந்தால் கதையாகாது, கோடாங்கியைக் கூப்பிட்டு வந்து பார்க்கச் சொல்லிவிடுவார்கள்!

வெண்ணிற இரவுக்கும் இதே தொல்லைதான். நம் பக்கம் கோடையின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். இரவு என்றால் இருட்டு என்றுதான் நமக்கு அர்த்தம்.

ஜனநாதன் கதையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். நாயகன் மருது கப்பல் தொழிலாளி. சொந்த பந்தம் இல்லாதவன். தரைக்கு வந்தால் எல்லா ஊரும் அவனுக்கு வெளியூர். நான்சி துறைமுகத்துப் பெண். அவள் காத்திருப்பது ஒரு கப்பல் கேப்டனுக்காக. கடலில் போனவர் எப்போது வருவார், வருவாரா என்று யாரும் கேட்டுச் சொல்ல முடியாது என்பதால், அந்தக் காத்திருப்பை நாம் நம்புகிறோம். வெண்ணிற இரவின் இடத்தில் கடல், கலங்கரை விளக்கம், கிறிஸ்துமஸ். ஆள், ஊர், தொழில், பருவம் எல்லாம் மாறிவிட்டன. முடிவை மட்டும் அவர் மாற்றவில்லை. கேப்டன் வருகிறார், நான்சி அவரிடம் போகிறாள், மருது விலகுகிறான்.

படம் அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பிறகு ‘ஈ’, ‘பேராண்மை’, ‘புறம்போக்கு என்கிற பொதுவுடமை’ என்று எடுத்த ஜனநாதன், ‘லாபம்’ படம் வெளியாகும் முன்பே 2021 மார்ச்சில் காலமானார்.

மாணவ நண்பர்களுக்கு

ஒருதலைக் காதல் தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. 1980-ல் வந்த ‘ஒருதலை ராக’த்தில் நாயகன் இறந்தே போகிறான். 1991-ல் வந்த ‘இதய’த்தில் காதலைச் சொல்லத் தைரியமில்லாமல் காலத்தைக் கடத்தி, இதய நோயாளியாகி நிற்கிறான். இவையெல்லாம் மென்மையான படங்கள். இன்னொரு வகையும் உண்டு. பஸ் ஸ்டாண்டில், காலேஜ் வாசலில், கோயிலில் என்று பின்னாலேயே சுற்றினால் அவள் என்றைக்காவது சரி சொல்லிவிடுவாள் என்று பாடம் நடத்தும் படங்கள். அந்த வகைதான் எண்ணிக்கையில் அதிகம். விசில் சத்தமும் அதற்குத்தான் அதிகம்.

அந்தப் பாடத்தைத் திரைக்கு வெளியே எத்தனை பேர் படித்தார்கள், அதற்கு எத்தனை பெண்கள் விலை கொடுத்தார்கள் என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். தமிழக அரசு 1998-ல் ஈவ் டீசிங் தடைச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2013-ல் விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்வதே தேசம் முழுவதும் தனிக் குற்றமாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சினிமாவில் நாயகன் முதல் பாட்டில் செய்கிற வேலைக்கு இப்போது ஜெயில்!

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் ‘இயற்கை’ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். நாயகனாக நடிப்பவர் தோற்கிறார், அவர் தோற்பது சரி என்று நாமும் ஒத்துக்கொள்கிறோம். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது நான்சியின் உரிமை. நாஸ்தென்காவைப் பாட்டி ஊக்குப் போட்டு உட்கார வைத்தாள். அந்த ஊக்கைக் கழற்றியவள் மீண்டும் ஒருவனுடைய காதல் என்ற ஊக்கில் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்ன?

மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒருவன் உங்களுக்கு ஆறுதல் சொன்னான், கடிதம் சேர்த்தான், மழையில் குடை பிடித்தான் என்பதற்காக நீங்கள் அவனுக்குக் காதல் கடன்பட்டவர்கள் ஆகிவிட மாட்டீர்கள். நன்றி வேறு, காதல் வேறு. அதை 1848-லேயே ஒரு ருஷ்யப் பெண் உணர்ந்திருக்கிறாள்.

தம்பிமார்களே, “முடியாது” என்று ஒரு பெண் சொன்னால் உலகம் இடிந்துபோனது போலத்தான் இருக்கும். கொஞ்ச நாள் சோறு இறங்காது. பரவாயில்லை, அழுதுவிட்டுப் போங்கள்; நண்பன் தோளில் சாய்ந்து நாலு நாள் புலம்புங்கள். அதற்காகத்தானே ஹாஸ்டல் ரூம்மேட் இருக்கிறான்? அதன் பிறகு அவளை மனசார வாழ்த்திவிட்டு வகுப்புக்குப் போங்கள். நூற்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அந்தப் பெயரில்லாத இளைஞனை நினைவு வைத்திருப்பது அவன் அப்படி வாழ்த்தியதற்காகத்தான். கூட வந்து அவளை அழைத்துக்கொண்டு போன மாடிவீட்டுக்காரனை யார் நினைக்கிறார்கள், சொல்லுங்கள்?